விஷமிட்ட விதையும் விளங்காத எச்சரிக்கையும்

விவசாயத் தொழிலில் இக்காலத்தில் விஷப் பொருள்களின் உதவியின்றி நடைபெறும் காரியங்கள் மிகச் சிலவேயாகும். விதையை நேர்த்தி செய்வதற்கும், பயிரைப் பூச்சிகளினின்றும் பூஞ்சை நோய்களினின்றும் காப்பதற்கும், களையை ஒழிப்பதற்கும், களஞ்சியத்தில் எலியையும் வண்டையும் போக்குவதற்கும் இவை வேண்டியிருக்கின்றன. இவற்றை அறவே விலக்கிவிட வேண்டுமென்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விஷமென்று பலரும் சொல்லக் கேட்டிருந்தும், பையின்மேல் எழுத்தாலும் படத்தாலும் எச்சரிக்கை செய்திருந்தும், ஜனங்கள் அவ்விஷத்தினாலேயே மாள்வது ஏன் என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

எச்சரிக்கையானது அச்சிட்டவுடன் முடிந்துவிட்ட காரியமென்று விற்போரும் விநியோகிப்போரும் எண்ணிவிடுகிறார்கள். வாங்குவோரும் ரசீதைப் பெற்றுக்கொண்டு பையை வீட்டில் இறக்கியதும் தம் பொறுப்பு தீர்ந்ததென்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பையிலிருந்து தானியத்தை அள்ளும் கை வேறு. அந்தக் குப்பியிலிருந்து விஷத்தை ஊற்றிக் கலக்கும் கை வேறு. அக்கைக்குரியவரின் மனத்தில் சென்று பதியாத எச்சரிக்கை, செய்யப்படாத எச்சரிக்கையே ஆகும். இவ்வுண்மையை ஈராக் தேசத்துக் குடியானவர்கள் 1971, 1972-ஆம் ஆண்டுகளில் அடைந்த துன்பத்தைப்போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று இல்லையெனலாம்.

ஈராக்கில் நேர்ந்தது

அத்தேசத்தில் மழை பொய்த்து விளைச்சல் குன்றியிருந்த காலம் அது. அடுத்த போகத்திற்கு நல்ல விதை வேண்டுமென்று அரசாங்கத்தார் அயல்நாடுகளினின்று அதிக மகசூல் தரும் கோதுமை விதையை 73,201 டன்னும், பார்லி விதையை 22,262 டன்னும் தருவித்தனர். 1971-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவை பாஸ்ரா துறைமுகத்தில் வந்திறங்கின. விதையினால் பரவும் பூஞ்சை நோய்களைத் தடுக்கும்பொருட்டு இத்தானியத்தின்மேல் மெத்தில் பாதரசம் என்னும் விஷம் பூசப்பட்டிருந்தது. ஒரு கிலோ கோதுமையில் சேர்ந்திருந்த பாதரசம் சராசரி 8 மில்லிகிராமே. இது விதையென்றும் உணவன்று என்றும் அறிந்துகொள்ளும்பொருட்டு, தானியத்திற்குச் செந்நிறச் சாயமும் ஊட்டப்பட்டிருந்தது. பைகளின்மேல் எச்சரிக்கை வாசகங்களும் இருந்தன.

விதை கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புக் காலம் கடந்துவிட்டது. நிலம் முன்னமே விதைக்கப்பட்டிருந்தது. வீட்டிலோ உணவுத் தானியம் குறைவாயிருந்தது. மூட்டை மூட்டையாகப் பருத்த நல்ல கோதுமை கண்முன்னே இருந்தது. குடியானவர்கள் அதை அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர்.

1971 டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் நோயாளிகள் ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கினர். முதலில் கை கால்களிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போன உணர்ச்சி. பிறகு நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், பார்வை ஓரங்களில் மங்கிக் குறுகுதல், காது கேளாமை. கடைசியில் நினைவிழத்தலும் மரணமும் தொடர்ந்தன. ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர் 6,530 பேர். அவர்களுள் இறந்தவர் 459 பேர். ஆஸ்பத்திரியை எட்டாமலே வீட்டில் இறந்தவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. கருவுற்ற தாய்மார் உண்ட விஷம் கருவிலிருந்த குழந்தையையும் தாக்கிற்று. தாய்க்குச் சிறிதே துன்பம் தோன்றியிருக்க, பிறந்த குழந்தை மூளைக் குறையுடையதாய் வளர்ந்த சம்பவங்களும் உண்டு. அழிந்துபோன நரம்பணுவை மீட்டுத் தரும் மருந்து கிடையாது.

எச்சரிக்கை இருந்தும் ஏன் உண்டார்கள்?

இதைக் கேட்பவர்கள் முதலில் சொல்வது, "அறியாமை" என்னும் ஒரே சொல். அது அவசரமான தீர்ப்பு. அந்தக் குடியானவர்கள் ஆராயாமல் உண்டவர்களல்லர். தங்களுக்குத் தெரிந்த சோதனைகளைச் செய்து பார்த்தே உண்டார்கள். அச்சோதனைகள் அந்த விஷத்திற்குப் பொருந்தாமற்போனதே அவர்களைக் கெடுத்தது. இதை நான்கு வகையாகப் பிரித்துக் காண்போம்.

முதலாவது, பாஷை. பைமேலிருந்த எச்சரிக்கை ஸ்பானிய பாஷையிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு, குர்திய பாஷைகளைப் பேசும் கிராமத்தார்க்கு அது பையின்மேலுள்ள பூவேலையைப் போன்றதே.

இரண்டாவது, சின்னம். மண்டை ஓடும் அதன்கீழ்க் குறுக்கிட்ட இரு எலும்புகளும் விஷத்திற்கு அடையாளமென்பது மேல்நாட்டு வழக்கம். அதைப் பிறர் சொல்லிக் கொடுத்தாலன்றி ஒருவரும் தாமாக அறியார். அந்தப் படம் ஈராக்கியக் குடியானவர்க்கு எதையும் உணர்த்தவில்லை. படம் எழுத்தறியாதவர்க்கும் விளங்குமென்று நாம் நினைப்பது எப்போதும் மெய்யன்று. படமும் ஒரு பாஷையே.

மூன்றாவது, சாயம். தானியம் சிவந்திருப்பதைக் கண்டு, சிவப்பே விஷமென்று பலர் எண்ணினர். ஆகையால் தானியத்தை நீரில் அலசினர். நீர் சிவந்து ஓடிற்று, தானியம் வெளுத்தது. சாயம் போயிற்று, ஆனால் பாதரசம் போகவில்லை. எச்சரிக்கைக்காகச் சேர்த்த நிறமே, விஷம் நீங்கிவிட்டதென்னும் பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிட்டது. அடையாளத்தையும் பொருளையும் ஒன்றென்று மயங்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நான்காவது, காலம். சிலர் தானியத்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் சில நாள் இட்டுப் பார்த்தனர். அவை வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தன. பாம்புக்கடியையும் அரளி விதையையும் அறிந்தவர்கள், விஷமென்றால் உண்ட அன்றே தெரிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. மெத்தில் பாதரசமோ உண்டபின் பல வாரங்கள் ஓசையின்றி இருந்து, அதன்பின் தன் குணத்தைக் காட்டுவது. உடலில் சேர்ந்ததில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய 70 நாள் வேண்டும். ஆகவே நாள்தோறும் ரொட்டியோடு சிறிது சிறிதாகச் சேர்ந்தது குவிந்துகொண்டே போயிற்று. முதல் குறி தோன்றியபோது குடும்பம் முழுவதும் மாதக் கணக்கில் உண்டு முடித்திருந்த வீடுகளும் உண்டு.

பிறகு அரசாங்கத்தார் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்துத் தானியத்தைத் திரும்பப் பெற முயன்றபோது, தண்டனைக்கு அஞ்சிய சிலர் அதை ஆற்றிலும் வாய்க்காலிலும் கொட்டினர். பயத்தை மட்டும் உண்டாக்கி, செய்யவேண்டிய வழியைக் காட்டாத அறிவிப்பும் தீங்கையே விளைவிக்கும் என்பதற்கு இஃது உதாரணம். இத்தனைக்கும் இதே தேசத்தில் 1956-ஆம் ஆண்டிலும் 1960-ஆம் ஆண்டிலும் பாதரசமிட்ட விதையை உண்டு பலர் துன்புற்றிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. ஓரிடத்தில் பெற்ற பாடம் மற்றோரிடத்துக்கு எழுதி அனுப்பப்பட்டாலன்றித் தானாகப் போய்ச் சேராது.

இது ஈராக்குக்கு மட்டும் உரியதன்று

துருக்கி தேசத்தின் தென்கிழக்குப் பகுதியில் 1955 முதல் 1959 வரையில் இத்தகைய துன்பமே நேர்ந்தது. அங்கே விதைக் கோதுமையில் ஹெக்சாகுளோரோபென்சீன் என்னும் பூஞ்சைக்கொல்லி கலக்கப்பட்டிருந்தது. அதை உண்டவர்களுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் கொப்புளித்தது. 3,000-க்கும் மேற்பட்டவர் நோயுற்றனர். தாய்ப்பாலின் வழியே விஷம் சென்று, பால்குடி மறவாக் குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தன.

நம் தேசத்திலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியுடன் ஒன்றாக வந்த கோதுமை மாவில் அவ்விஷம் கசிந்து கலந்து, அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர் மாண்டனர். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம் தோன்றுவதற்கு அச்சம்பவமே காரணமாயிற்று. 2013 ஜூலை 16-ஆம் தேதி பீகாரில் சரண் ஜில்லாவிலுள்ள ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் வெளிப்பட்டது. முன்பு விஷமிருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டதே காரணமென விசாரணையில் கருதப்பட்டது. விஷத்தை அறியாதவர் எவரும் இச்சம்பவங்களில் இல்லை. 'இந்தப் பாத்திரத்தில் இருந்தது விஷம்' என்னும் செய்தி ஒரு கையினின்றும் மறு கைக்குப் போகாததே குறை.

'மருந்து' என்னும் சொல்

நம் கிராமங்களில் இப்பொருள்களுக்கு வழங்கும் பெயரையும் இங்கே ஆராய வேண்டும். பூச்சிக்கொல்லியை நாம் 'பூச்சி மருந்து' என்கிறோம். வயலில் தெளிப்பதை 'மருந்தடித்தல்' என்கிறோம். மருந்தென்றால் நோயைத் தீர்ப்பது; அளவு சற்றுக் கூடினால் குணமும் சற்றுக் கூடும்; மீந்ததை வீட்டில் பத்திரப்படுத்தலாம்; அது இருந்த குப்பியைக் கழுவி உபயோகிக்கலாம் என்னும் எண்ணங்கள் அச்சொல்லுடனேயே மனத்தில் நுழைந்துவிடுகின்றன. பயிருக்கு அது மருந்தாயிருக்கலாம். கலக்குபவருக்கு அது நஞ்சு. ஆகையால் பண்ணையில் வேலையாட்களோடு பேசுகையிலாவது 'நஞ்சு' அல்லது 'விஷம்' என்னும் சொல்லையே வழங்குவது நன்று. பெயரை மாற்றுவதற்குச் செலவொன்றும் இல்லை.

முக்கோணத்தின் நிறம்

1971-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பூச்சிக்கொல்லி விதிகளின்படி, குப்பியின் சீட்டில் நிற முக்கோணம் அமைந்திருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷத்தையும், மஞ்சள் கொடிய விஷத்தையும், நீலம் நடுத்தரமானதையும், பச்சை குறைந்ததையும் குறிக்கும். சிவப்புடன் மண்டை ஓட்டுச் சின்னமும் சேர்ந்திருக்கும். எழுத்தறியாதவரும் உணரத்தக்க நல்ல ஏற்பாடு இது. ஆயினும் இதிலும் இரண்டு மயக்கங்களுக்கு இடமுண்டு.

பச்சை நிறம் நம்மவர்க்குச் செழிப்பின் அடையாளம். ஆதலால் பச்சை முக்கோணத்தைக் கண்டவர் 'இது தீங்கற்றது' என்றோ, 'இது பச்சைப் பயிருக்கு உரியது' என்றோ கொள்ளக்கூடும். உண்மையில் அது 'விஷமில்லை' என்று கூறவில்லை. 'மற்றவற்றிலும் குறைவு, ஜாக்கிரதை' என்றே கூறுகிறது. மேலும், இந்நிறங்கள் ஒரு தடவை உட்கொண்டால் உயிரைப் போக்கும் சக்தியை எலி முதலிய பிராணிகளில் அளந்து வகுக்கப்பட்டவை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து பல மாதங்களுக்குப் பின் வரும் தீங்கை அந்நிறம் அறிவிப்பதில்லை. ஈராக்கில் கோழியை வைத்துச் செய்த சோதனையின் குறை இதுவேயென்பதை நேயர்கள் உணர்வார்களாக.

விதைப் பைகளின் விஷயமும் இத்தகையதே. நஞ்சு பூசிய விதையாயின், உணவுக்கோ, கால்நடைத் தீனிக்கோ, எண்ணெய் எடுப்பதற்கோ உபயோகிக்கலாகாது என்னும் வாசகம் சீட்டில் இருக்கவேண்டுமென்று 1968-ஆம் ஆண்டின் விதை விதிகள் கூறுகின்றன. பாதரசம் கலந்த விதைநேர்த்திப் பொருளாகிய மெத்தாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடு நம் தேசத்தில் 2018-ஆம் ஆண்டு ஆணையினால் தடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் சாயமிட்ட மக்காச்சோள விதையும் பருத்தி விதையும் இன்றும் நம் வீடுகளுக்கு வருகின்றன. பை கிழிந்து, மீந்த விதை வேறு பாத்திரத்திற்கு மாறியதும் அந்த வாசகம் குப்பைக்குப் போய்விடுகிறது. விதை மட்டும் வீட்டில் தங்குகிறது.

அபாயத்தை மனிதர் எடைபோடும் விதம்

மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இவ்விஷயத்தைப் பலகாலமாக ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவைச் சேர்ந்த பால் ஸ்லோவிக் என்பவர் 1987-ல் வெளியிட்ட கட்டுரையில், ஜனங்கள் அபாயத்தை இறப்புக் கணக்கைக்கொண்டு மட்டும் நிறுப்பதில்லையென்றும், அது எவ்வளவு திகிலூட்டுவது, எவ்வளவு புதியது என்பவற்றைக்கொண்டே பெரிதும் நிறுக்கின்றனரென்றும் விளக்கினார். நம் ஊர்களிலும் இதைக் காணலாம். புதிதாய் வரும் ஆலையின் புகையைக் கண்டு ஊரே அஞ்சும். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, ஒழுகும் நஞ்சு சட்டையை நனைக்க வேலைசெய்பவரோ அஞ்சுவதில்லை. பழகியது சிறிதாகத் தோன்றுகிறது. "பத்து வருஷமாக அடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?" என்பதே அவரது விடை.

இவ்விடையைக் கேட்டுச் சிரிப்பதில் பயனில்லை. பதில் சொல்ல வேண்டும். பாஸ்பரஸ் இனத்தைச் சேர்ந்த பல பூச்சிக்கொல்லிகள் தோலின் வழியாகவே உடலில் இறங்குகின்றன. நரம்புகளின் வேலையை ஒழுங்குபடுத்தும் ஒரு நொதியை அவை சிறிது சிறிதாக முடக்குகின்றன. அந்நொதி பெருமளவு குறையும்வரையில் வெளியே குறியொன்றும் தோன்றாமலிருக்கலாம். அடுத்தடுத்த நாள்களில் தெளித்து வருபவர், நேற்று தாங்கிய அதே அளவை இன்று தாங்கமாட்டாமல் வரப்பில் விழுவது இதனாலேயே. இதை இவ்வாறு எடுத்துரைத்தால் அநுபவமுள்ள வேலையாளும் ஒப்புக்கொள்வார்.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்றுண்டு. எல்லாப் பொருளையும் ஒரே அளவாகப் பயங்கரமென்று கூறினால், ஒன்றைத் தொட்டு ஒன்றும் ஆகாதவர் அடுத்ததையும் நம்பமாட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நம் பெரியோர் அறிவர். எது, எவ்வளவு, எந்த வழியாக, எவ்வளவு காலத்தில் தீங்கு செய்யும் என்று பிரித்துச் சொல்லும் எச்சரிக்கையே நிலைத்து நிற்கும். அதேபோல, கலவரம் உண்டாகுமென்று அஞ்சி அதிகாரிகள் உண்மையை மறைத்தலும் தகாது. பின்னர் அது வெளிப்பட்டால், அவர்கள் மெய்யாகக் கூறுவதையும் ஊரார் ஏற்கமாட்டார்கள்.

நிலச் சொந்தக்காரர்கள் செய்யவேண்டியவை

1. நஞ்சு பூசிய விதையை உணவுத் தானியம் இருக்கும் அறையில் ஒருபோதும் வைக்கலாகாது. தேவைக்கு மட்டும் வாங்குக. பிரிக்காத பையைக் கடையில் திருப்பிக் கொடுக்க இயலுமாவென்று கேட்கலாம். பிரித்து மீந்ததைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில் ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும். அலசினாலும், வேகவைத்தாலும், காயவைத்தாலும் அது உணவாகாது, கோழிக்கும் ஆகாது.

2. நஞ்சு இருந்த குப்பியைத் தெளிப்பு வேலை முடிந்த இடத்திலேயே மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, குப்பியில் துளையிட்டுவிட வேண்டும். துளையிட்ட குப்பியில் எண்ணெய் ஊற்ற ஒருவராலும் இயலாது. நஞ்சை வேறு குப்பியிலோ குடிநீர் பாட்டிலிலோ மாற்றி வைப்பது பெரும் பிழை.

3. சீட்டிலுள்ளதை வேலையாட்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுக. படித்தபின் "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, எவரும் "புரிந்தது" என்றே கூறுவர். "எவ்வளவு கலக்கப்போகிறீர்? மேலே பட்டால் என்ன செய்வீர்? குப்பியை என்ன செய்வீர்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். தவறாகச் சொன்னால் அது சொல்லிக்கொடுத்தவரின் குறையே.

4. வீட்டிலுள்ள பெண்களுக்கும் இவ்விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். தானியத்தை அளப்பவரும் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தேடுபவரும் பெரும்பாலும் அவர்களே.

5. நஞ்சு உடலில் பட்டால் உடையைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுக. விழுங்கியவரை உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யலாகாது. உடனே 108 வண்டியை அழைத்து, குப்பியையோ சீட்டையோ நோயாளியுடன் அனுப்புக. எந்த விஷமென்று தெரிந்தாலே வைத்தியர் தகுந்த முறிவைக் கொடுக்க இயலும்.

கிராம அதிகாரிகள் செய்யவேண்டியவை

ஊராட்சித் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், விவசாய இலாகாவின் உத்தியோகஸ்தர்களும் விதை விநியோகமாகும் நாளில் ஒலிபெருக்கியின் வாயிலாக ஊரார் பேசும் தமிழிலேயே எச்சரிக்கை செய்யவேண்டும். துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது கச்சேரிக் கணக்குக்கு உதவுமேயன்றி உயிரைக் காக்காது. விதை காலந்தாழ்ந்து வருமாயின் அது உணவாகிவிடக் கூடுமென்பதை ஈராக் நமக்குக் கற்பித்துள்ளது. ஆகையால் பருவந்தவறி வந்த நஞ்சு பூசிய விதையைக் கொடாமல் நிறுத்துவதும், கொடுத்து மீந்ததைத் திரும்பப் பெற வழிசெய்வதும் அவர்கள் கடமையாம். பஞ்ச காலத்தில் இக்கவனம் இருமடங்கு வேண்டும். பசித்தவர் முன் வைத்த தானியத்துக்கு எந்தச் சாயமும் போதுமான காவலன்று.

ஒரே ஊரில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே விதமான மரத்துப்போதலோ, தள்ளாட்டமோ, மயக்கமோ கண்டால், தனித்தனி வியாதியென்று விட்டுவிடாமல், அவர்கள் உண்டது என்ன, தெளித்தது என்ன என்று விசாரித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். மெதுவாகக் கொல்லும் விஷத்தை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். ஊரில் பலர் வீட்டுக்கும் சென்றுவரும் ஒருவரே.

வரும் பருவத்திற்கு விதையும் நஞ்சும் வாங்கப்போகும் குடியானவர்கள், பையைக் களஞ்சியத்தில் இறக்குவதற்கு முன் அதன் சீட்டை எடுத்து, அதை உபயோகிக்கப்போகும் ஒவ்வொருவர் முன்னும் ஒருமுறை படித்து, அவர்கள் திருப்பிச் சொல்லக் கேட்பார்களாக. இதற்குக் கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது.